வால்ஹைமில் வீடு ஏன் சரியுது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கத்துப் பசங்க சேர்ந்து விளையாடும் ஒரு வால்ஹைம் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். சண்டை, சமையல், கப்பல் எதிலும் இவ்வளவு சந்தேகம் வருவதில்லை. கட்டின வீடு கண்ணெதிரே சரிந்த அடுத்த நிமிஷம் ஃபோன் வந்துவிடும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, கீழே பதிலை வைத்திருக்கிறேன்.

வால்ஹைம் ஸ்வீடனின் அயர்ன் கேட் ஸ்டுடியோ உருவாக்கி, 2021 பிப்ரவரியில் முன்னோட்டப் பதிப்பாக (ஏர்லி ஆக்சஸ்) வெளிவந்த கம்ப்யூட்டர் விளையாட்டு. கீழே வரும் எண்கள் எல்லாம் மாட் (ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றம்) எதுவும் போடாத விளையாட்டுக்கு உரியவை.

அண்ணா, மைன்கிராஃப்ட்ல அந்தரத்துல கூட கல்லு நிக்குது. இதுல மட்டும் ஏன் உழுது?

மைன்கிராஃப்டில் மணல், சரளை மாதிரி சிலது தவிர எதுவும் கீழே விழாது. வால்ஹைமில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ‘தாங்குபலம்’ என்று ஒரு எண் உண்டு. தரையைத் தொடும் துண்டுக்கு அது முழுசாகக் கிடைக்கும். அதைத் தொட்டு நிற்கும் அடுத்த துண்டுக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்ததற்கு இன்னும் குறைவு. அந்தப் பொருளுக்கென்று வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் துண்டு உடைந்து விழும்.

ஏரித் தண்ணீர் வாய்க்காலில் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகுப் பக்கத்து வயலுக்கு நிறைய, கடைமடைக்குச் சொட்டு. இங்கே மதகு என்பது தரை. ‘இந்தத் துண்டு தரையிலிருந்து எவ்வளவு தூரம்?’ என்ற ஒரே கேள்வியைத்தான் இந்த விளையாட்டு கேட்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஹேமரை எடுத்தா கலர் கலரா தெரியுதே, அது என்னது?

ஹேமரை, அதாவது கட்டுவதற்கான சுத்தியலை, கையில் வைத்துக்கொண்டு ஒரு துண்டைப் பார்த்தால் அதன் தாங்குபலம் நிறமாகத் தெரியும். நீலம் என்றால் முழு பலம். பிறகு பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. கட்டும்போது ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டே போனால் போதும். மொத்தமும் கட்டி முடித்துவிட்டுப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

செவப்பு வந்துடுச்சு. ராத்திரி தூங்கிட்டு காலைல வந்தா வீடு இருக்குமா?

இருக்கும். சிவப்பு என்பது ‘எனக்கு மேல் இன்னொன்றைத் தாங்க என்னிடம் பலம் இல்லை’ என்பதற்கு அடையாளம். ‘நான் விழப்போகிறேன்’ என்று அர்த்தம் இல்லை. சிவப்புத் துண்டு நாள் கணக்காக அப்படியே நிற்கும். நேரம் போகப்போகத் தளர்ந்து விழுகிற ஏற்பாடு எதுவும் இதில் கிடையாது. அதற்குக் கீழே இருக்கும் ஏதோ ஒன்று உடைந்தால்தான் ஆபத்து, அப்போது முதலில் போவதும் சிவப்புதான்.

கம்பத்து மேல கம்பமா அடுக்கினா எவ்ளோ உயரம் போகலாம்?

சாதா மரத்துக்கு முழு பலம் 100, குறைந்தபட்சம் 10. இரண்டு மீட்டர் கம்பம் ஒன்று ஏற ஏற, ஏறக்குறைய கால்வாசி பலம் குறையும். கணக்கு இப்படிப் போகும்: 100, 74, 54, 40, 30, 22, 16, 12. அதோடு எட்டுக் கம்பம், 16 மீட்டர். ஒன்பதாவதுக்கு 9தான் வரும், அது நிற்காது.

பிளாக் ஃபாரஸ்ட் என்ற காட்டுப் பகுதியில் பைன் மரத்தை வெட்டினால் கிடைக்கும் கோர் வுட்டுக்கு முழு பலம் 140, குறைவதும் மெதுவாகத்தான். நாலு மீட்டர் கம்பம் ஆறு அடுக்கலாம், 24 மீட்டர். இரும்பு போட்ட மரக் கம்பம் என்றால் முழு பலம் 1500, குறைந்தபட்சம் 20. அதில் 50 மீட்டர் வரை போகலாம். கல்லுக்கு முழு பலம் 1000 என்றாலும் குறைந்தபட்சம் 100 வேண்டும், அதனால் அதுவும் சாதா மரம் மாதிரி 16 மீட்டரில் நின்றுவிடும். பலருக்கு இது நம்ப முடியாத விஷயம், ஆனால் கணக்கு அப்படித்தான்.

சிலர் ஒரு மீட்டர் துண்டாக அடுக்கினால் சீக்கிரம் பலம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். எத்தனை துண்டு என்பது பெரிய விஷயம் இல்லை, மொத்த உயரம்தான் விஷயம்.

எனக்கு பால்கனி வேணும். பக்கவாட்டுல எவ்ளோ நீட்டலாம்?

பக்கவாட்டில் மரம் சீக்கிரம் களைத்துப்போகும். இரண்டு மீட்டர் பலகை ஒவ்வொன்றுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறையும்: 100, 58, 34, 20, 11. நீலப் பலகையையும் சேர்த்து ஐந்து. ஆறாவது விழும்.

ஆனால் இந்தக் கணக்கு ஆரம்பப் பலகை நீலமாக இருந்தால்தான். மாடியில் பால்கனி நீட்டும் இடத்தில் சுவரே மஞ்சளாக இருந்தால், அங்கிருந்து இரண்டு பலகை போவதே பெரிசு. பால்கனிக்கு அடியில் தரையிலிருந்து ஒரு கோர் வுட் தூண் கொடுத்துவிடுங்கள். பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

ஒரு தூணுக்குப் பதிலா நாலு தூண் பக்கத்துல பக்கத்துல வெச்சா பலம் ஏறுமா?

ஏறாது. ஒரு துண்டைப் பல தூண்கள் தொட்டாலும், அதில் எது அதிக பலம் தருகிறதோ அதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், கூட்டிப் பார்க்காது. சுவரை இரட்டையாகக் கட்டினாலும் இதே கதை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் முக்கியம். துண்டுக்கு எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து தாங்கல் கிடைத்தால், இரண்டின் சராசரியை எடுக்கும். அப்படி எடுக்கும்போது பக்கவாட்டு நஷ்டத்தை விட்டுவிட்டு, செங்குத்துக்கு உரிய குறைந்த நஷ்டத்தைத்தான் கழிக்கும். முந்தின பதிலில் உள்ள 20 பலத்துப் பலகைகள் இரண்டு, இடமும் வலமும் இருந்து நடுவில் ஒன்றைப் பிடித்தால், அதற்கு 11க்குப் பதிலாக 15 அளவில் கிடைக்கும். ஒரே பக்கம் நாலு தூணை நெருக்கி வைப்பதைவிட, எதிர்ப்பக்கம் ஒன்று வைப்பது மேல் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

சித்தப்பா, மாடியில பொட்டி பொட்டியா இரும்பு வெச்சிருக்கேன். தளம் எறங்கிடுமா?

எறங்காது கண்ணு. வால்ஹைமில் பாரம் என்று ஒன்றே கிடையாது. பெட்டி காலியா, நிறைய இரும்பா என்பதெல்லாம் தளத்துக்குத் தெரியாது. பத்துப் பேர் ஏறிக் குதித்தாலும் தெரியாது.

நிஜத்தில் கட்டட வேலை செய்கிற என் மாமா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “பாரமே இல்லைன்னா அப்புறம் எதுக்குடா தூணு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேஸ்திரிக்குத் தூண் என்பது பாரத்தைக் கீழே இறக்குகிற வழி. இங்கே அது தரையின் பலத்தை மேலே கொண்டுபோகிற வழி. திசையே தலைகீழ். நிஜ வீடு கட்டுகிற அறிவோடு இந்த விளையாட்டுக்குள் வருகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

சுவரெல்லாம் நிக்குது, கூரை மட்டும் நடுவுல நடுவுல ஒடைஞ்சி உழுது. எத்தன வாட்டி வெச்சாலும் அதேதான். ஏன்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பெரிய ஹால் கட்டியிருப்பார்கள், இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் கூரையைச் சாய்த்துக்கொண்டே வந்திருப்பார்கள், உச்சி சேரும் இடத்தில் பொலபொலவென்று கொட்டும். உச்சிதான் தரையிலிருந்து மிக நீளமான வழியில் இருக்கிறது: முதலில் சுவர் ஏறி, பிறகு சரிவு முழுக்கக் கடந்து பலம் அங்கே போய்ச் சேரவேண்டும். நாலு மீட்டர் சுவரின் மேல்துண்டிலேயே 74தான் மிச்சம். அதிலிருந்து சரிவில் நாலைந்து துண்டு போனால் என்ன மிஞ்சும்?

உடைந்த இடத்தில் திரும்பத் திரும்பக் கூரைத் துண்டை வைப்பதால் பயன் இல்லை. உச்சியின் நேர் கீழே, தரையிலிருந்து கோர் வுட் தூண் எழுப்புங்கள். அதன் தலையில் நீளவாக்கில் ஒரு உத்தரம் ஓட்டுங்கள். கூரையின் மேல்நுனி அந்த உத்தரத்தைத் தொடட்டும். இப்போது ஒவ்வொரு சரிவுக்கும் கீழே சுவரிலிருந்தும் மேலே உத்தரத்திலிருந்தும் பலம் வரும். பலவீனமான இடம் உச்சியிலிருந்து சரிவின் நடுவுக்கு நகர்ந்துவிடும், அங்கே மஞ்சளோ ஆரஞ்சோ காட்டினாலும் நிற்கும்.

‘ஹால் நடுவுல தூண் இருந்தா அசிங்கம்’ என்பவர்களுக்கு: அடுப்பைச் சுற்றி நாலு தூண் வைத்துப் பாருங்கள், வேண்டுமென்றே வைத்த மாதிரி இருக்கும். தூணே வேண்டாம் என்று அடம் பிடித்தால், இரும்புக் கம்பம் செய்கிற காலம் வரை காத்திருக்கவேண்டியதுதான்.

நம்ம ஊரே கல்லு ஊரு. கல்லுலயே கட்டினா எல்லாம் சரியாயிடும் இல்ல?

சுவர் சரியாகும். தளமும் பால்கனியும் சரியாகாது. இந்த விளையாட்டில் கல்லுக்குப் பக்கவாட்டு நஷ்டம் ஒரு மீட்டருக்கே நூறு சதவீதம். சுவரிலிருந்து கல்லை நேராக வெளியே நீட்டினால் அடுத்த கல்லுக்குப் பலமே போகாது. எதிரெதிராக இரண்டு சுவர் இருந்து நடுவில் ஒரு கல் பலகை அளவு இடைவெளி என்றால், தூண் பதிலில் சொன்ன சராசரிக் கணக்கால் அது நிற்கும். அகலமான அறைக்குக் கல் தளம் வேண்டுமென்றால் அடியில் இரும்பு போட்ட பீம் ஓடவேண்டும்.

சூளகிரிக்காரத் தம்பி ஒருத்தன் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. மல்லச்சந்திரம் மலையில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கல்லைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒரே பெரிய கல்லால் மூடியிருப்பார்கள், இத்தனை காலமாக நிற்கிறது. ‘அது நிக்குது, இது ஏன் நிக்கல?’ என்று சண்டை. இரண்டு பக்கமும் தாங்கல் உள்ள கல் இங்கேயும் நிற்கும் என்பதுதான் பதில். சுவரை விட்டு வெளியே தனியாக நீளும் கல்தான் நிற்காது. நிஜக் கருங்கல்லில் சுவருக்கு வெளியே ஒரு முழம் நீட்டிப் படி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த விஷயத்தில் விளையாட்டு கல்லுக்கு அநியாயம் செய்திருக்கிறது என்பதே என் கட்சியும்.

மரத் தளத்து மேல கல்லு வைக்க விடவே மாட்டேங்குது. இது பக் (விளையாட்டோட கோளாறு) தானே?

உயரக் கணக்கில் சொன்ன இரண்டு எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். கல்லுக்குக் குறைந்தபட்சம் 100 வேண்டும். சாதா மரத்தின் முழு பலமே 100. கைமாறும்போது கொஞ்சம் குறையும் என்பதால் கல்லுக்குப் போய்ச் சேருவது எப்போதும் நூறுக்குக் கீழேதான். எவ்வளவு மரம் போட்டாலும் மாறாது. இரும்பு மேல் வைத்தால் நிற்கும்.

அப்ப கல்லு மேல மரம்?

அதுதான் நல்ல வழி. ஸ்டோன்கட்டர் (கல்லில் கட்டத் தேவையான கருவி) கிடைத்த பிறகு வீட்டை அப்படித்தான் கட்டவேண்டும். கல்லிடம் உள்ள பலம் மரத்தின் உச்சவரம்பான 100ஐவிட அதிகம் என்பதால், கல்லைத் தொடும் மரம் தரையிலேயே நிற்பதுபோல் நீலமாகிவிடும். கல் சுவர் தன் எல்லைக்கு அருகே போகும் வரை இது நடக்கும். ஏறக்குறைய 14 மீட்டர் கல் எழுப்பி, அதன் தலையில் மரக் கணக்கைப் புதிதாக ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கல் கிடைக்காத காலத்தில் கோர் வுட்டும் இதே வேலையைச் சின்ன அளவில் செய்யும். தரையில் நிற்கும் கோர் வுட் தூணின் அடிப்பகுதியைத் தொடும் சாதா மரமும் முழு பலம் வாங்கிக்கொள்ளும்.

இரும்பை ஆயுதத்துக்கு வைக்கறதா, வீட்டுக்குப் போடறதா?

முதலில் ஆயுதம், கவசம். இரண்டாவது பாஸான (பெரிய எதிரியான) எல்டரை வீழ்த்தி, சாவி வாங்கி, சதுப்பு நிலத்துப் பாதாள அறைகளில் புகுந்து கொண்டுவரும் சரக்கு அது. வீட்டுக்குப் போடுவதென்றால் கண்ணுக்குத் தெரியாத முதுகெலும்புக்கு மட்டும்: நடுத் தூண், உத்தரம், கல் தளத்துக்கு அடி பீம். இரும்புக்குச் செங்குத்தும் பக்கவாட்டும் ஒரே நஷ்டம் என்பதால் அதன் அருமை உத்தரத்தில்தான் தெரியும். சுவருக்கு இரும்பு போடுவது வீண்.

உயிரோட இருக்கற மரத்தைச் சுத்தி வீடு கட்டினா?

தரைக்குச் சமம். மரத்தைத் தொடும் துண்டு நீலமாகும், எவ்வளவு உயரத்தில் தொட்டாலும். பெரிய பாறைகளும் அப்படியே. உயரமான கோபுரம் கட்ட ஆசைப்படும் புதியவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஒரே நிபந்தனை, விறகு வெட்ட வந்த கூட்டாளி அந்த மரத்தில் கோடரி போடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கடக்கால் தோண்டலாம்னு பிக்காக்ஸ் போட்டேன், மொத்த வீடும் போச்சு. ஏன்?

இந்த வீட்டுக்குக் கடக்கால் தேவையில்லை, தரையைத் தொட்டாலே போதும். நீங்கள் தோண்டியதும் தொடர்பு அறுந்து, நீலமெல்லாம் ஒரே நேரத்தில் போயிருக்கும். தோண்டும் வேலையைக் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இதையே திருப்பிப் பயன்படுத்தலாம். மண்வெட்டியால் கல் செலவழித்து மண்ணை 8 மீட்டர் வரை உயர்த்தலாம். வீட்டுக்கு நடுவே ஒரு மண் திட்டு எழுப்பி, அதைச் சுற்றி மரத்தால் மூடிவிட்டால், 8 மீட்டர் உயரத்தில் உங்களுக்குப் புதுத் தரை.

பழைய தூணை எடுத்துட்டு கோர் வுட் போடணும். சரியாம எப்படி மாத்தறது?

பழையதை எடுக்கும் முன்பே புதியதை வையுங்கள். இந்த விளையாட்டில் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கலாம், அதனால் பழைய தூணின் அதே இடத்தில் கோர் வுட்டைச் செருகிவிட்டுப் பிறகு பழையதை உடைக்கலாம். மேலே உள்ளவற்றின் நிறம் ஒரு படி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தூணுக்குப் போங்கள். பெரிய வேலை என்றால் தற்காலிகமாகச் சாரம் கட்டி முட்டுக் கொடுங்கள்.

மழையில மரம் கருத்துப்போயி விரிசல் காட்டுது. இதனால உழுமா?

இல்லை. மழையில் நனையும் மரம் தன் ஆயுளில் பாதி வரை தேயும், அதற்குக் கீழே மழையால் போகாது. ஆயுள் வேறு, தாங்குபலம் வேறு. ஹேமரால் ஒரு தட்டுத் தட்டினால் புதுசாகிவிடும். கூரை போட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

இடிஞ்சா சாமான் போச்சா?

போகாது, கட்டப் போட்ட பொருள் கீழே கிடக்கும். பொறுக்கிக்கொள்ளுங்கள்.

ட்ரோல் (பெரிய அரக்கன்) வந்து ஒரே ஒரு தூணை அடிச்சான், மாடி மொத்தமும் எறங்கிடுச்சு. தூண் அதிகம் வெச்சா பலம் ஏறாதுன்னு சொன்னீங்களே, அப்ப என்ன பண்றது?

பலம் ஏறாது என்றுதான் சொன்னேன், தேவையில்லை என்று சொல்லவில்லை. மாடிக்குத் தரையோடு ஒரே வழிதான் இருந்தது, அதை அவன் அறுத்துவிட்டான். இரண்டாவது தூண் தள்ளி இருந்திருந்தால், மாடி உடனே அடுத்த வழிக்கு மாறியிருக்கும்: பச்சை மஞ்சளாகும், அவ்வளவுதான். ட்ரோலின் ஒரு வீச்சு அகலமானது, அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்து போகும். வீட்டின் வெவ்வேறு மூலைகளில் வையுங்கள், வெளிச்சுவரிலிருந்து உள்ளே தள்ளி. சுற்றிலும் ஆழமான அகழி வெட்டினால் இன்னும் நல்லது, வீட்டை ஒட்டி வெட்டாமல் தள்ளி வெட்டுங்கள். காரணம் கடக்கால் பதிலில் இருக்கிறது.

நேத்து பச்சையா இருந்த இடம் இன்னிக்கு ஆரஞ்சு. யாரும் தொடலைன்னு சத்தியம் பண்றாங்க. பக் தானே?

பெரும்பாலும் பக் இல்லை, யாரோ தொட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைத் தொட்டிருக்க வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு துண்டும் தனக்குக் கிடைக்கும் சிறந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தோம். அந்தச் சிறந்த வழியில் எங்கோ ஒன்று போயிருக்கும்: கதவு வைக்க எடுத்த ஒரு சுவர்த் துண்டு, பாதை போடச் சமன் செய்த மண், வெட்டின மரம். ஆரஞ்சிலிருந்து கீழ்நோக்கி ஹேமரோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நீலமாக இருக்கவேண்டிய அடித் துண்டு எங்கே நீலமாக இல்லையோ, அங்கேதான் விஷயம். யார் செய்தது என்ற பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.

இதே கணக்கு ரஸ்ட், செவன் டேஸ் டு டை மாதிரி மத்த கேம் எல்லாத்துக்கும் வருமா?

ரஸ்ட்டுக்கு ஓரளவு. அங்கேயும் அஸ்திவாரம் 100 சதவீதம், தள்ளிப் போகப்போகக் குறையும். செவன் டேஸ் டு டை வேறு: அதில் ஒவ்வொரு கட்டைக்கும் எடை உண்டு, பக்கவாட்டில் எவ்வளவு எடை தாங்கும் என்ற வரம்பும் உண்டு. மாடியில் கட்டை மேல் கட்டையாக அடுக்கினால் எறங்குமா என்று அங்கே போய்க் கேளுங்கள், பதில் மாறும். மாமாவுக்கு அந்த விளையாட்டுதான் பிடிக்கும்.

ஒகேனக்கல் தொங்கு பாலம் மாதிரி ஆத்துக்கு குறுக்க ஒண்ணு கட்டணும். நடுவுல தூணே இருக்கக் கூடாது. ஆகுமா?

ஆகும், அகலத்தைப் பொறுத்து. கயிறு, வடம் கட்டித் தொங்கவிடுகிற வித்தை இதில் இல்லை. பாலம் என்பது இரண்டு கரையிலிருந்தும் நீட்டும் இரண்டு பால்கனி, அவ்வளவுதான். சாதா மரத்தில் ஒரு கரைக்கு ஐந்து பலகை, இரண்டு பக்கமும் சேர்த்து 20 மீட்டர் அளவில் வரும். கரையில் கல் மேடை கட்டி ஆரம்பித்தாலும் கணக்கு மாறாது, முதல் பலகை நீலம் என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

அதைவிட அகலம் என்றால் இரும்பு போட்ட பீம். ஒரு கரையிலிருந்து 50 மீட்டர் வரை நீளும், அதன் மேல் மரப் பலகையைப் பரப்பிக்கொள்ளலாம். அதுவும் போதாவிட்டால் தூண்தான்; ஆற்றின் அடித் தரையைத் தொடும் தூணும் நீலம்தான். தூண் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், உயரத்தை முடிவு செய்யும் முன் லாங்ஷிப் என்ற பெரிய கப்பலை அந்த இடத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாய்மரம் தட்டாமல் போகவேண்டும்.